கோவிட் பெருந்தொற்றின்போது சுற்றுலாப் பயணிகளைக் கண்டு கிராமத்து மக்கள் ஏன் அஞ்சினார்கள்?

முதல் காரணம் மருத்துவத் தாங்குதிறன். ஓர் ஊரில் உள்ள படுக்கை, ஆக்சிஜன், டாக்டர், தாதி எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைக் கவனிக்க முடியும் என்பதுதான் அது. அந்த அளவு உள்ளூர்வாசிகளை மனதில் வைத்து அமைந்தது. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு ஐம்பது பேருக்குச் சமைத்திருக்கும்போது, இரண்டு பஸ் நிறைய ஆள் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்?

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள கிராமப்புறமான பாலிக் புலாவையே பாருங்கள். அங்கிருப்பது சிறிய அரசு மருத்துவமனை. மூச்சுத்திணறல் முற்றினால் ஜார்ஜ்டவுன் பொது மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். 2020 ஜூன் 10இல் மாநிலம் தாண்டிப் பயணிக்க அனுமதி வந்தபோது அங்கே டுரியான் சீசன். பழம் விற்பவருக்கு வியாபாரமும் வேண்டும், வீட்டிலிருக்கும் பாட்டியின் உயிரும் வேண்டும். அந்தத் தவிப்பு முழுக்க நியாயமானது.

அப்புறம், அந்தச் சமயத்தில் கோவிட் தொற்றினால் அறிகுறி தெரியவே சராசரியாக 5 நாள் ஆனது, சிலருக்கு 14 நாள்கூட. அதற்குள் விருந்தாளி, தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் ஊரில் பரப்பிவிட்டுக் கோலாலம்பூர் திரும்பியிருப்பார்.

இதை வெளியூர்க்காரர் மீதான வெறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சொந்தப் பிள்ளைகளிடமே “இப்போ வராதேப்பா” என்று போனில் சொன்ன பெற்றோர் அந்த ஊர்களில் உண்டு.