ஏர்வாடியில் கேமராவை எங்கே வைப்பது?

இராமநாதபுரம் கடற்கரையின் நேர்ச்சைகளையும் நோய் தீர்க்கும் நம்பிக்கைகளையும் ஆவணப்படமாக எடுத்துவரும் ஒருவரிடம் கேட்டவை.

கேள்வி (தொண்டி, கல்லூரி மாணவர்): அண்ணா, மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் வரும் ஏர்வாடி தர்காவில் பேய் பிடித்து ஆடுகிறவர்களைப் படமெடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. ஆடுகிறவர் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. உடன் வந்தவர் தலையாட்டினால் அது இவர் சம்மதம் ஆகாது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். தர்கா மருத்துவமனை அல்லவே என்று வாதாடலாம். வாதத்தில் ஜெயிப்பீர்கள், அந்தக் குடும்பம் சொந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

நானும் முதல்முறை போனபோது நாள் முழுக்க ஆட்டத்தைத்தான் எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் எல்லாம் சினிமாப் பேய். அத்தனையையும் அழித்தேன். கடைசியில் படத்தில் நின்றது ஓர் அம்மாவின் மடி. எண்ணெய்ப் புட்டியையும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையையும் ஒரே துணியில் முடிந்து வைத்திருந்தார். முகம் இல்லை. அதையும் கேட்டுத்தான் எடுத்தேன்.

கேள்வி (மதுரை): ஏர்வாடியின் 2001 தீ விபத்தைச் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லியே ஆக வேண்டும். ஆகஸ்ட் 6 அதிகாலை; சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள், 28 உயிர். ஆனால் எரிந்தது தனியார் காப்பகம், தர்கா அல்ல. இந்த ஒரு வரியை விழுங்கிவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பிற்பாடு அரசு 'தவா–துவா' என்று மருந்தையும் (தவா) வேண்டுதலையும் (துவா) ஏர்வாடியிலேயே சேர்த்து வைத்ததையும் சொல்லுங்கள்.

கேள்வி (பரமக்குடி): ஓரியூர் செம்மண் நோய் தீர்க்கும் என்று பின்னணிக் குரலில் சொல்லலாமா?

பதில்: நீங்கள் சொல்லாதீர்கள், மண்ணை அள்ளுகிறவர் சொல்லட்டும். 1693-இல் கிறிஸ்தவ மறைபரப்பாளர் அருளானந்தர் வெட்டுப்பட்ட ஊர் என்பது வரலாறு. அவர் இரத்தத்தில் மண் சிவந்தது என்பது மக்கள் வாக்கு. இரண்டையும் ஒரே குரலில் பேசினால் குழப்பம். அங்கே திருநீறு பூசிய நெற்றியோடும் வந்து மண்ணை முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். அந்த முடிச்சு போதும், குரலே வேண்டாம். நோய் தீர்க்கும் என்று நம்புகிற, உத்தரகோசமங்கை கோயில் மரகத நடராசர் மேனியில் களைந்த சந்தனத்துக்கும் இதே பதில்தான்.

கேள்வி (பாம்பன்): பேட்டி கொடுக்கிறவருக்குப் பணம்?

பதில்: பேச்சுக்குத் தராதீர்கள். கடலுக்குப் போகாமல் உங்களுக்காக உட்கார்ந்திருந்தால் அன்றைய கூலியைப் பேசத் தொடங்குமுன்பே கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் நீங்கள் விரும்பியதையே பேசுவார்.

கேள்வி (அதே பாம்பன்காரர்): காற்று இரைச்சல்?

பதில்: மைக்கின் பஞ்சுறை நம் காற்றுக்குத் தாங்காது. கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் உட்கார வையுங்கள்.