பத்து வயதில் இருந்த நானும் இன்றைய நானும் ஒரே ஆள்தானா?

காலம் போனாலும் ஒருவர் அதே ஆளாக இருப்பதற்கு எது காரணம்? தத்துவத்தில் இதைத் தன்னடையாளச் சிக்கல் என்கிறார்கள் (ஆதார் அட்டை விஷயம் இல்லை).

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1694இல் சொன்ன பதில் நினைவு. அன்று செய்ததை நீங்களே செய்ததாக இன்று உணர முடிந்தால், அதே ஆள். சரி, இரண்டு வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கிறது? அதனால் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்: முந்தாநாள், நேற்று, இன்று என்று நினைவுச் சங்கிலி அறாமல் வந்தால் போதும். எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது.

நம் வைகையைப் பாருங்கள். வருசநாட்டு மலையில் பிறக்கிறது. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரும் அதில் கலக்கிறது. மதுரைப் பாலங்களுக்குக் கீழே பல மாதங்கள் வெறும் மணல்தான். அழகர் இறங்குவதற்கென்று அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஆனாலும் அது வேறு ஆறு என்று யாரும் சொல்வதில்லை. தடம் தொடர்கிறது, அவ்வளவுதான்.

லாக்குக்குப் பின் வந்த ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே தேடினால் மாறும் உணர்வுகள்தான் கிடைக்கின்றன, ‘நான்’ தனியாக அகப்படவில்லை என்றார். பௌத்தர்கள் இதை வெகு காலம் முன்பே சொல்லிவிட்டார்கள்.

அப்புறம், ஏழு வருடத்துக்கு ஒருமுறை உடம்பின் எல்லா செல்லும் புதிதாகிவிடும், அதனால் நாமும் வேறு ஆள்தான் என்பது தவறு. மூளையின் நரம்பு செல்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க அப்படியே இருப்பவை.