பழைய மஞ்சள் பந்து போதாதா?

கேள்வி: ஏழு வயது மகள் டென்னிஸ் பழகுகிறாள். பயிற்சியாளர் சிவப்புப் பந்து வாங்கச் சொல்கிறார். காற்றுப் போன பழைய மஞ்சள் பந்தையே கொடுத்தால் என்ன?

பதில்: வேண்டாம். பழைய பந்து எகிறுவது குறையுமே தவிர, எடை குறையாது. மஞ்சள் பந்து 56 முதல் 59.4 கிராம் வரை இருக்கும். சிவப்பு அதிகபட்சம் 49 கிராம்தான். புது மஞ்சள் பந்தும் சரிவராது: 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் அது குறைந்தது 135 செ.மீ. எழும்பும், சிவப்பு 105-ஐத் தாண்டாது. குழந்தையின் இடுப்பருகே வரவேண்டிய பந்து தலைக்கு மேல் போனால், எட்டி அடிக்க ராக்கெட் பிடியையே மாற்றிக்கொள்வாள். பிறகு அந்தப் பழக்கத்தைத் திருத்துவது பெரும்பாடு.

சிவப்பை ஏறக்குறைய 11 மீட்டர் நீளக் கோர்ட்டில், 80 செ.மீ. உயர வலையோடு ஆடவேண்டும். பெரிய கோர்ட்டில் அது எல்லைக்கோட்டையே எட்டாது; பந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டு மாடிக்கு ஃபோம் பந்து போதும், காற்று வீசினால்தான் அலைக்கழியும்.

எட்டு வயதுக்கு மேல் ஆரஞ்சு, 18 மீட்டர் கோர்ட். அடுத்து முழுக் கோர்ட்டில் பச்சை. வயதை மட்டும் பார்க்காதீர்கள். பத்துப் பந்தாவது விடாமல் மாற்றி மாற்றி அடிக்கிறாளா என்று பார்த்து மாற்றுங்கள். நிறங்களை ஒரே கூடையில் கலக்காதீர்கள்.