வாத்தியாரைக் கேலி செய்த படமா அது?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். 1899-ல் அமெரிக்காவின் 'பக்' இதழில் வந்த பள்ளிக்கூடக் கார்ட்டூனை ஏகாதிபத்திய எதிர்ப்புக்கு உதாரணமாக மாணவர்களுக்குக் காட்டுவது என் வழக்கம். அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் வாத்தியாராகப் பிரம்போடு நிற்க, பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா நான்கும் முன்வரிசையில் முறைத்தபடி உட்கார்ந்திருக்கும் படம். அது ஏகாதிபத்தியத்துக்கு ஆதரவாகப் போடப்பட்டது என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். இவ்வளவு குத்தலான படம் எப்படி ஆதரவாக இருக்க முடியும்?

க.மு., திருச்சி

அன்புள்ள க.மு.,

உங்கள் சக ஆசிரியர் சொல்வதுதான் சரி. லூயி டால்ரிம்பிள் வரைந்த அந்தப் படத்தின் பெரிய பிரதி கிடைத்தால் கரும்பலகையைப் படித்துப் பாருங்கள். இணையத்தில் சுற்றும் சின்னப் பிரதியில் எழுத்து தெரியாது, பாதிக் குழப்பம் அதனால்தான். அதில் எழுதியிருப்பது இது: ஆளப்படுகிறவர்களின் சம்மதம் ஏட்டளவில் நல்ல விஷயம், நடைமுறையில் அபூர்வம். இங்கிலாந்து சம்மதம் கேட்காமலேயே தன் காலனிகளை ஆண்டது, உலக நாகரிகமும் முன்னேறியது. புதிய பிரதேசங்கள் தம்மைத் தாமே ஆளத் தேறும் வரை அமெரிக்காவும் அப்படித்தான் ஆள வேண்டும். இதுதான் பாடம்.

நமக்கு இன்று இது வஞ்சப் புகழ்ச்சியாகப் படுகிறது. 'பக்' அதை நேராகவே சொன்னது; நாட்டை விரிப்பதை ஆதரித்த பத்திரிகை அது. கேலி பிள்ளைகள் மேல்தான், வாத்தியார் மேல் இல்லை. பின்வரிசையில் கலிபோர்னியாவும் டெக்சாசும் சமர்த்தாகப் படிக்கின்றன. கறுப்பினத்தவர் ஒருவர் ஜன்னல் துடைக்கிறார். பூர்வகுடி ஒருவன் ஓரமாக உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். சீனப் பையன் வாசலுக்கு வெளியே. யாரை எங்கே வைப்பது என்பதில் ஓவியருக்குச் சந்தேகமே இல்லை.

தேதியையும் கவனியுங்கள்: 1899 ஜனவரி 25. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் பாரீஸ் ஒப்பந்தப்படி 2 கோடி டாலருக்கு பிலிப்பைன்ஸ் ஸ்பெயினிடமிருந்து கைமாறியிருந்தது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. படம் வந்த பத்தாம் நாள், பிப்ரவரி 4 அன்று, மணிலாவில் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் சண்டை மூண்டது. முதலில் சுட்டது அமெரிக்கக் காவல் சிப்பாய்.

நீங்கள் தேடும் படம் 1902 மே 22 'லைஃப்' அட்டை. பிற்காலத்துப் புகைப்பட 'லைஃப்' இல்லை, அதற்கு முந்தைய நகைச்சுவை வார இதழ். கீழே கிடக்கும் பிலிப்பினோவின் வாயில் அமெரிக்கச் சிப்பாய்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உண்மையைக் கக்க வைக்க அன்று அவர்கள் கையாண்ட வழி அது. செனட் குழு விசாரணையிலேயே சிப்பாய்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். பின்னால் ஐரோப்பிய வல்லரசுகள் கூடிநின்று சிரிக்கின்றன: 'இந்தப் பக்திமான் யாங்கிகள் (அமெரிக்கர்கள்) இனி நம்மேல் கல்லெறிய முடியாது.'

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. 1896-ல் கியூபாவில் கிராமத்து மக்களை முகாம்களில் அடைத்த ஸ்பானியத் தளபதி வெய்லரைக் 'கசாப்புக்காரன்' என்று திட்டித் தீர்த்தவை அமெரிக்கப் பத்திரிகைகள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் ஸ்பெயினுடனான 1898 போருக்கு வழிவிட்டது. 1901 டிசம்பரில் ஜெனரல் பெல், பிலிப்பைன்சின் பதாங்காஸ் மாகாணத்தில் அதே முகாம்களைத் திறந்தார். அப்போது தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனின் முகாம்களிலும் போயர் (டச்சு வழிக் குடியேறிகள்) பெண்களும் குழந்தைகளும் செத்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்கள் 26,000-க்கு மேல். ஆக, யாரும் யாரையும் கேட்க முடியாது. ஒருவன் குற்றம் அடுத்தவனுக்கு நிம்மதி. வல்லரசுகளுக்கு இடையேயான உறவை இதைவிடச் சுருக்கமாக வரைந்தவர்கள் குறைவு என்பேன்.

ஆனாலும் இந்தப் படத்திலும் ஒன்று உறுத்துகிறது. கீழே கிடப்பவனைத் தவிர எல்லாருக்கும் இங்கே வேலை இருக்கிறது. ஓவியரின் வருத்தம் அமெரிக்காவின் பெயர் கெட்டுப்போனதைப் பற்றி. பிலிப்பைன்ஸ் வேண்டாம் என்று வாதிட்ட அமெரிக்கர்களிலேயே பலர், அந்த நிறத்து ஆட்கள் நமக்கு எதற்கு என்ற எண்ணத்தில்தான் வாதிட்டார்கள்.

எனவே மூன்றாவதாக, மணிலாவில் 1907-ல் தொடங்கிய 'லிபாங் கலபாவ்' இதழிலிருந்து ஒரு படம் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதலை கேட்பதையே குற்றமாக்கிய சட்டம் 1901-ல் வந்துவிட்டது; புரட்சிக்காரர்களின் கொடிக்கும் அதே 1907-ல் தடை விழுந்தது. அந்த நெருக்கடிக்குள் இருந்துகொண்டு பிலிப்பினோ ஓவியர்கள் அமெரிக்க அதிகாரிகளை வாரினார்கள். அவர்களுக்குக் குனிந்து கும்பிடு போட்ட உள்ளூர்த் தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை.