நாயோடு ஜெர்மனிக்குக் குடிபோக டைட்டர் டெஸ்ட் எதற்கு?

ரேபிஸ் தடுப்பூசி போட்ட பிறகு நாயின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே உருவாகியிருக்கிறதா என்று அளந்து பார்ப்பதுதான் டைட்டர் டெஸ்ட். இந்தியாவிலிருந்து எந்த ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்கு நாயோடு குடிபோனாலும் இது கட்டாயம், அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும்.

இதில் வரிசைதான் எல்லாம். முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் (நாயின் அடையாள எண் உள்ள சின்னச் சில்லு), அப்புறம் ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம், அதற்குப் பிறகு 3 மாதம் காத்திருப்பு. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. பதிவு எண் எழுதாத விடைத்தாள் மாதிரி, எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அது யாருடையது என்று சொல்ல முடியாது. 3 மாதம் ஏன் என்றால், ஊசிக்கு முன்பே கிருமி உள்ளே போயிருந்தால் நோய் வெளியே தெரியச் சில வாரமோ மாதமோ ஆகும், அதுவரை நாய் இங்கேயே இருக்கட்டும் என்பதுதான்.

அந்த நாட்களை வீணாக்காதீர்கள். பயணக் கூண்டை இப்போதே வாங்கி, கதவைத் திறந்து வைத்து, நீங்கள் போர்த்திய பழைய போர்வையை உள்ளே விரித்து, அங்கேயே சோறு வையுங்கள், பாவம், விமானத்தில் அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். சாமான்களுக்கான கன்டெய்னரை நாயின் தேதி உறுதியான பிறகு பதிவு செய்தால் போதும்.

நிறையப் பேர் ரிசல்ட் வந்த நாளிலிருந்து 3 மாதத்தை எண்ணுகிறார்கள், சரியான கணக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து.