கண்ணெதிரே செம்பருத்தி, தாளில் வேறு பூ

நம் மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் வசிக்கும் ஒரு தாயார் கேட்கிறார்: "எட்டு வயது மகளின் முன்னால் செம்பருத்தியை வைத்தாலும், நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் ஐந்து இதழ்களும்தான் போடுகிறாள். பார்த்து வரையவும் வண்ணம் தீட்டவும் எப்படிப் பழக்குவது?"

உங்கள் மகளின் கையில் குறை ஏதுமில்லை. பூ என்றாலே இப்படித்தான் என்று மனத்தில் பதிந்துவிட்ட உருவத்தை அவள் வரைகிறாள். ஆகவே பென்சிலைக் கொடுப்பதற்கு முன் பூவைக் கையில் கொடுத்துக் கேள்வி கேளுங்கள். செம்பருத்தி பெரும்பாலும் ஒரு நாளில் வாடிவிடும் என்பதால் காலையில் பறிப்பது நல்லது. ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு பக்கத்து இதழின்மேல் படிந்திருக்க, மறு விளிம்பு அடுத்த இதழுக்கு அடியில் மறைந்திருப்பதை அவளே விரலால் தடவிக் கண்டுபிடிக்கட்டும். நடுவிலிருந்து நீளும் தண்டில் மகரந்தம் எங்கே தொடங்குகிறது, அதன் நுனியில் எத்தனை சிறு பொட்டுகள் பிரிந்து நிற்கின்றன என்று கேளுங்கள். ஐந்து என்று எண்ணிச் சொன்ன பிள்ளைக்கு வெறும் வட்டம் போட்டு நிறுத்த மனம் வராது.

அடுத்து, பூவைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். முதலில் காம்பு செல்லும் திசைக்கு ஒரு கோடு, பிறகு பூ முழுவதையும் அடக்கும் மெல்லிய நீள்வட்டம், அதற்குள் இதழ்கள் என்ற வரிசையில் வரையட்டும். நம்மை நோக்கி நீளும் இதழ் குட்டையாகத் தெரிவதைப் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்ததும் 1992இல் நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்டதுமான 'புக்ல் தொரேய்' தலைகுனிந்து தொங்குவதால், அதன் படம் கிடைத்தால் காட்டுங்கள். ஆனால் வரைவதற்கு உண்மையான பூவே வேண்டும்.

நிறத்திலும் இதே பழக்கம்தான் குறுக்கிடும். பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டத்துப் பேரல்லி முதல் இரவில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகிவிடுவதைக் காட்டினால், ஒரு பூவுக்கு ஒரே நிறம் என்ற எண்ணம் தளரும். நீர்வண்ணத்தில் வெளிர் நிறத்தை முதலில் பூசி, ஒளி விழும் இடங்களில் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட்டு, ஈரம் காய்ந்தபின் அடர்நிறத்தைச் சேர்க்க வேண்டும். நிழலுக்குக் கறுப்பை நான் பரிந்துரைப்பதில்லை, அது பூவைக் கொன்றுவிடும். சிவப்பில் துளி பச்சை கலந்தாலே போதிய ஆழம் வரும்.

திருத்தம் காட்ட வேண்டுமானால் தனித்தாளில் வரைந்து காட்டுங்கள், அவள் தாளில் கை வைக்காதீர்கள். நோட்டுத் தாள் ஈரத்தில் சுருண்டுவிடும் என்பதால், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாளை வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளுங்கள்.