விண்வெளிக் கேள்வி–பதில்: கொத்துக்குள் எத்தனை கூட்டம்?

கேள்வி: ‘ஒமேகா சென்டாரி’ என்ற கோளக் கொத்து வெறும் கண்ணுக்கே தெரியும் என்கிறார்களே, எங்கள் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: தாராளமாக. கோளக் கொத்து என்பது லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாக நெருங்கித் திரண்ட கூட்டம். சென்னைக்காரர்களைவிட உங்களுக்கு ஐந்து பாகை கூடுதல் வசதி. சித்திரை நட்சத்திரம் நேர் தெற்கே உச்சிக்கு வரும்வரை காத்திருங்கள். கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சித்திரையிலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி இறங்கினால் மங்கலான ஒரு ‘விண்மீன்’ தென்படும். அதுதான். தொடுவானத்திலிருந்து சுமார் 34 பாகை உயரத்தில் நிற்கும்.

ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டியும், மே கடைசியில் இரவு 9 மணியளவிலும் இந்த நிலைக்கு வரும். மே கடைசியில் குமரி வானத்தை மழைமேகம் பிடித்துக்கொள்ளும் என்பதால், மார்ச், ஏப்ரலில் தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதே நல்லது. நிலவில்லாத இரவாக இருக்க வேண்டும். தெற்கே தெருவிளக்கு, ஊர் வெளிச்சம் இருக்கக் கூடாது. 10×50 பைனாகுலரில் பஞ்சு உருண்டைபோல் தெரியும். தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிய 4 அங்குலத் தொலைநோக்கியாவது வேண்டும். 8 அங்குலம் என்றால் கண்கொள்ளாக் காட்சி. எடுத்தவுடன் 200 மடங்குக்குப் போகாதீர்கள். கொத்து பார்வைப் புலத்தை மீறிப் பரவி, வெளிறிய பின்னணியாகிவிடும். 40, 50 மடங்கில் தொடங்குங்கள்.

கேள்வி: கோளக் கொத்துகளுக்கு 1,200 கோடி வயது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: எடை கூடிய விண்மீன் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். கொத்தின் விண்மீன்களை நிறம் ஒரு பக்கமும் பிரகாசம் மறுபக்கமுமாக வரைபடத்தில் இட்டால், ஹைட்ரஜனை இன்னும் எரித்துக்கொண்டிருப்பவை ஒரு சாய்கோடாக அமையும். முதன்மை வரிசை என்பது அதுதான். கோட்டின் மேல்பகுதி காலியாக இருக்கும், அங்கிருந்தவை செத்துப்போனவை. கோடு எந்த இடத்தில் முறிந்து சிவப்புப் பக்கம் திரும்புகிறதோ, அந்த இடத்து விண்மீனின் ஆயுளே கொத்தின் வயது. பழைய கொத்துகளில் அந்த முறிவு சுமார் 0.8 சூரிய எடையில் வருகிறது.

பிழை பெரும்பாலும் தூரத்தில்தான் நுழையும். தூரம் 10 சதவீதம் தவறினால் வயது ஏறக்குறைய 20 சதவீதம் தவறும். 1990களில் சில கொத்துகளின் வயது பிரபஞ்சத்தின் வயதையே மிஞ்சி நின்றது. அம்மாவைவிட மகள் மூத்தவள் என்பதுபோல! ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடுகள் தூரத்தைத் திருத்திய பிறகே அந்தச் சிக்கல் தளர்ந்தது.

கேள்வி: ஒரு கொத்தின் விண்மீன்கள் எல்லாம் ஒரே வாயுவில், ஒரே நேரத்தில் பிறந்தவை என்று பாடத்தில் படித்தேன். இப்போது இரண்டு, மூன்று தலைமுறை என்கிறார்கள். எது சரி?
– திருச்சி, கல்லூரி மாணவி

பதில்: கார்த்திகைக் கூட்டம் போன்ற தளர்ந்த கொத்துகளுக்கு உங்கள் பாடம் பெரும்பாலும் சரி. கோளக் கொத்துகளுக்குச் சரியில்லை.

ஹப்பிள் படங்களை வைத்து என்.ஜி.சி. 2808 கொத்தை 2007இல் அலசியபோது, முதன்மை வரிசை ஒரு கோடாக இல்லாமல் மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் ஹீலியம் எடையில் சுமார் 25 சதவீதம், அடுத்ததில் 30, மூன்றாவதில் 37 என்று வைத்தால்தான் கணக்கு பொருந்துகிறது. ஹீலியம் கூடினால் அதே எடையுள்ள விண்மீன் கூடுதல் வெப்பத்தோடும் நீலமாகவும் எரியும், ஆயுளும் குறையும்.

விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் இன்னொரு தடயம். சோடியம் கூடிய விண்மீன்களில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. இந்த மாற்றம் நடக்க 4 முதல் 5 கோடி பாகை வெப்பம் வேண்டும். சூரிய மையத்திலேயே 1.5 கோடிதான், அதைவிட இளைத்த 0.8 சூரிய எடை விண்மீனால் இந்தச் சமையலைச் செய்ய முடியாது. முதன்மை வரிசையிலேயே இன்னும் இருக்கும் சிறு விண்மீன்களிலும் இதே விகிதம் காணப்படுவதால், அவை பிறக்கும்போதே அந்தச் சரக்கோடு பிறந்திருக்க வேண்டும். சமைத்தவர் வேறு யாரோ.

பெரும் விண்மீன் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவாவா? இல்லை. பெரும்பாலான கொத்துகளில் இரும்பு எல்லா விண்மீன்களிலும் ஒரே அளவுதான். வெடிப்புச் சிதறல் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால், சில பத்து கிலோமீட்டர் வேகத்திலேயே தப்பிவிடக்கூடிய கொத்தில் அது தங்காது. எனவே மெதுவான காற்றை வீசுபவர்கள்மேல் சந்தேகம்: 4 முதல் 8 சூரிய எடையுள்ள முதிர்ந்த சிவப்பு விண்மீன்கள், வேகமாகச் சுழலும் பெரும் விண்மீன்கள், ஒன்றையொன்று சுற்றும் பெரும் இரட்டை விண்மீன்கள், ஆயிரக்கணக்கான சூரிய எடையுள்ள அதிவிண்மீன்கள்.

எந்த வேட்பாளரும் முழுத் தேர்ச்சி பெறவில்லை. மாறிய கலவை கொண்டவை பல கொத்துகளில் பாதிக்கும் மேல். ஆனால் முதிர்ந்த சிவப்பு விண்மீன்கள் வெளியே தரும் பொருள், கலவை மாறாத முதல் கூட்டத்து எடையில் சிறு பங்குதான். கணக்கை நேர்செய்ய, முதல் கூட்டம் முன்பு பத்து மடங்காவது பெருத்திருந்து, பிறகு பெரும்பகுதியை இழந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளவும் எங்கே போயின என்பதற்கு நல்ல பதில் இல்லை. அதனால்தான் ‘தலைமுறை’ என்ற சொல்லைத் தேர்வில்கூட எழுதாதீர்கள் என்பேன். அது கால இடைவெளியை நிரூபித்ததுபோல் ஆக்கிவிடும். ‘கலவை வேறுபட்ட கூட்டங்கள்’ என்று எழுதினால் நேர்மையாக இருக்கும்.

ஒமேகா சென்டாரி விதிவிலக்கு. அதில் இரும்பே பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. பால்வெளி விழுங்கிய ஒரு குறு விண்மீன் மண்டலத்தின் மிஞ்சிய மையம் அது என்பதே பலரின் கருத்து. அதன் நடுவில் வேகமாக ஓடும் ஏழு விண்மீன்களைக் கொண்டு, குறைந்தது 8,200 சூரிய எடையுள்ள கருந்துளை இருப்பதாக 2024இல் கணித்தார்கள்.

கேள்வி: இப்போதும் புதிய கோளக் கொத்துகள் பிறக்கின்றனவா?
– மட்டக்களப்பு வாசகர்

பதில்: பிறக்கின்றன, ஆனால் நம் பால்வெளியில் அதற்கான நெருக்கடி இல்லை. அடர்ந்த வாயு பெரும் அழுத்தத்தில் நசுங்க வேண்டும். மண்டலங்கள் மோதும் இடங்களில் அது நடக்கிறது. பக்கத்து மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்திலுள்ள ஆர்136 என்ற இளங்கொத்து சிறிய மாதிரி. ஆதிப் பிரபஞ்சத்தில் இது சாதாரணம்: பெருவெடிப்புக்கு 46 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்த ஐந்து இளங்கொத்துகளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படம்பிடித்திருக்கிறது.

கேள்வி: இவ்வளவு நெருக்கத்தில் விண்மீன்கள் முட்டிக்கொள்ளாதா?
– கோவை வாசகர்

பதில்: மையத்தில் எப்போதாவது முட்டும். வயதுக்குப் பொருந்தாத இளமையோடு திரியும் ‘நீல வழிதவறிகள்’ சில அப்படி உருவானவை; மற்றவை துணை விண்மீனின் பொருளை உறிஞ்சியவை. 1953இல் எம்3 கொத்தில் ஆலன் சாண்டேஜ் முதலில் கவனித்தார். புற ஊதாவில் சிவப்பு விண்மீன்களின் கூட்டம் மங்கிவிடுவதால் இவை எளிதில் அகப்படும். இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான நம் அஸ்ட்ரோசாட் இதற்குக் கைகொடுத்திருக்கிறது.